ஒரு கிழவி, ஐந்து நடிகர்கள்: ஒத்திகைக் கேள்வி பதில்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை வைத்து, நாடக மாணவர்கள் வசனம் குறைவான ஓர் உடல்மொழி நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். நடுநாயகமான கிழவி பாத்திரத்தை ஐந்து பேர் மாறி மாறி ஏற்கிறார்கள். அவர்கள் கேட்டவையும், ஒத்திகை நடத்தும் அண்ணனின் பதில்களும்.

அண்ணே, துண்டு யார் தலையில இருக்கோ அவங்கதான் கிழவி. அப்படியும் பாக்குறவங்க குழம்புறாங்களே?

துண்டு கைமாறுகிறது, ஆனால் மற்றவர்களின் கண் பழைய ஆள் மேலேயே நிற்கிறது. அப்போது பார்ப்பவர் கண்ணும் அங்கேயேதான் நிற்கும். யார் கிழவி என்று சொல்வது துண்டு இல்லை தம்பி, சுற்றி நிற்பவர்களின் பார்வை.

முதலில் துண்டே இல்லாமல் பழகுங்கள். வாங்குபவர் கிழவியின் கூனலையும் முழங்காலில் ஊன்றிய கையையும் எடுத்துக்கொள்ளட்டும். இருவரும் சேர்ந்து மூச்சு இழுங்கள். அதை விடும்போது மாற்றம் நடக்கட்டும். அதே மூச்சில் கொடுத்தவர் நிமிர்ந்து கூட்டத்தில் கலக்க வேண்டும், மற்ற எல்லார் பார்வையும் புதியவர் மேல் திரும்ப வேண்டும். பெரும்பாலும் பிசகுவது அந்த நிமிர்தல்தான். கொடுத்தவர் கூனலை விட மறந்தால் மேடையில் இரண்டு கிழவிகள்! இது சரியான பிறகு துண்டைச் சேருங்கள். எறிய வேண்டாம், கையில் கொடுங்கள். நம் ஊர்க் காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது.

அஞ்சு பேரும் ஒரே மாதிரி நடிக்கணுமா?

வேண்டாம். நடையின் தாளம், கையின் ஒரு பழக்கம், மூச்சு, இந்த மூன்றும் பொதுவாக இருந்தால் போதும். குரலும் உயரமும் வேறாகவே இருக்கட்டும். முன்னால் நடித்தவரைப் பார்த்து நகலெடுத்தால் ஐந்தாவது ஆளிடம் வரும்போது அது கேலிக்கூத்தாகிவிடும். ஐவரும் சேர்ந்தே போய், கடல்பாசி எடுத்துக் கரையேறும் வயதான பெண்கள் மணலில் கால் வைப்பதைக் கவனியுங்கள். போனில் படம் பிடிக்க வேண்டாம், அது மரியாதையும் இல்லை.

கடல்ல விரிச்ச வலையைக் கரையில நின்னே இழுக்கிற கரைவலைக் காட்சி, கயிறு இல்லாம செய்யுறோம். கனமே தெரியலண்ணே.

கையால் இழுக்கிறீர்கள், அதுதான் காரணம். நிஜக் கரைவலையில் குதிகால் மணலில் ஊன்றும், இடுப்பு பின்னால் சாயும், கை அந்தக் கனத்தைக் கயிற்றுக்குக் கடத்த மட்டும் செய்யும். சில நாள் நிஜக் கயிற்றிலேயே பழகுங்கள், எதிர்முனையில் நான்கு பேர் பிடித்துக்கொள்ளட்டும்.

கயிற்றை எடுத்த பின் இரண்டு தவறு வரும். ஒன்று, இரு கைகளுக்கு நடுவிலுள்ள தூரம் விரிந்து சுருங்கும், கயிறு ரப்பராகிவிடும். இன்னொன்று, கையை இறுக மூடிவிடுவீர்கள். உள்ளே கயிற்றின் கனத்துக்கு இடம் விட்டுப் பிடியுங்கள். எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தால் அணிவகுப்பு மாதிரி இருக்கும். முன்னால் இருப்பவர் தொடங்க, அசைவு பின்னால் இருப்பவர்களுக்கு அலையாகப் போகட்டும்.

கரைவலையில் இரண்டு கயிற்றுக்காரர்களும் தள்ளித் தள்ளி நின்று தொடங்கி, மீன் சேரும் வலைப்பையான மடி கரையை நெருங்க நெருங்க ஒன்றுகூடுவார்கள். மேடையின் இரு மூலையில் தொடங்கித் தோளோடு தோள் முடியுங்கள். காட்சிக்கு வேறு அமைப்பே வேண்டாம்.

கடற்கரையில ஒத்திகை பாக்கலாமா?

தாராளமாக. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது ஆண் கடல், கொந்தளிக்கும், குரலே கேட்காது. அப்போது பாக் விரிகுடாப் பக்கம், பெண் கடலுக்குப் போங்கள். வாடைக் காலத்தில் திருப்பிப் போடுங்கள். வெறுங்காலில் இறங்குமுன் கருவமுள்ளைப் பொறுக்கிவிட வேண்டும்.

காய்ந்த மணல் குதிப்பின் அடியை வாங்கிக்கொள்ளும், சிமெண்ட் மேடை வாங்காது. மணலிலேயே பழகி நேராக மேடையேறினால் முழங்கால் பதில் சொல்லும். கடைசிப் பத்து நாளாவது நடிக்கப்போகும் தரையிலேயே பழகுங்கள்.

ஒருத்தரைத் தலைக்கு மேல தூக்கும்போது கை வழுக்குதுங்க.

விரலைப் பிடிக்காமல் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடியுங்கள். அன்று கையில் எண்ணெய் கூடாது. தூக்க மூன்று பேர், தலைப்பக்கம் காவலுக்கு ஒருவர். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். யார் “இறக்கு” என்றாலும் கேள்வி கேட்காமல் கால்பக்கமாக இறக்கிவிடுங்கள். காய்ந்த மணலில் தூக்கவே வேண்டாம், கணுக்கால் திரும்பும்.

நாடகத்தன்னைக்கு ஒருத்தர் வரலைன்னா?

புதியவரை நுழைக்காதீர்கள், ஒரு கைமாற்றத்தைக் குறைத்துவிட்டு, முந்தியவரே கிழவியை நீட்டிக்கட்டும். இதற்காகவே பிரதியில் மாணவர் பெயரை எழுதாமல் “கிழவி” என்று மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு பேர் கற்றிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை சீட்டு எடுத்து ஒருவரை உட்காரவைத்து முழுதும் ஓட்டிப் பாருங்கள்.