சிம்னி ஓடும்போது ஏசியில் கேட்கும் ‘குபுகுபு’ ஓசை: பதில்

வணக்கம். ஒன்பதாவது மாடி வீட்டில், சமையலறைச் சிம்னி ஓடும்போது மட்டும் கூடத்து ஏசியிலிருந்து ‘குபுகுபு’வென ஓசை வருவதாகவும், மெக்கானிக் கேஸ் நிரப்பச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செலவைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள்; கேஸ் குறைந்திருந்தால் குளிர்ச்சி குறையும், சிம்னியை நிறுத்தியதும் ஓசை நிற்காது.

சன்னல்களை இறுக மூடிய வீட்டிலிருந்து சிம்னி காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே அழுத்தம் குறைவதால், அதை ஈடுசெய்ய வெளிக்காற்று ஏசியின் வடிகுழாய் வழியே, அதில் இறங்கி வரும் நீரைக் குமிழியிடச் செய்துகொண்டு, உள்ளே ஏறுகிறது. (புகையை வெளியேற்றாமல் வடிகட்டி வீட்டுக்குள்ளேயே விடும் வகைச் சிம்னியில் இந்தச் சிக்கல் எழாது.) சிம்னி ஓடும்போதே ஒரு சன்னலைச் சற்றுத் திறந்து பாருங்கள், ஓசை உடனே அடங்கினால் காரணம் இதுதான். நிரந்தரமாகத் தீர்க்க, நீரை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஒருவழி வால்வை அந்தக் குழாயில் பொருத்தச் சொல்லுங்கள். அதில் அழுக்கு அடைத்தால் நீர் திரும்பிச் சுவரில் வழியும் என்பதால் அவ்வப்போது கழுவ வேண்டும்.

சன்னலைத் திறந்தும் நிற்காவிட்டால், குழாய் நடுவில் தொய்ந்து நீர் தேங்கியிருக்கிறதா, முனை வாளி நீரில் மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள்.