கொத்தனார் வராத நாள் உங்கள் நாள்

கேள்வி: அக்கா, நான் தஞ்சாவூர் ஓவியம் போட்டு விற்கிறேன். கிருஷ்ண ஜெயந்திக்குத் தருவதாக ஒரு வெண்ணெய்க் கண்ணன் படத்துக்கு முன்பணம் வாங்கினேன். அதே நேரத்தில், போன மழைக்கு ஒழுகிய மொட்டைமாடியைச் சரிசெய்யக் கொத்தனாரைக் கூப்பிட்டோம். மாடியில் பதித்திருந்த தட்டோடுகளைப் பெயர்த்தார்கள், அப்படியே குளியலறை டைல்ஸ், அடுப்படி மேடை என்று நீண்டுவிட்டது. இரண்டு மாதமாக வீடெல்லாம் தூசி. புரட்டாசியும் பிறந்துவிட்டது, பலகையில் பென்சில் கோடு போட்டதோடு நிற்கிறது. படம் கேட்டவர்கள் வாரம் தவறாமல் போன் செய்கிறார்கள். வீட்டு வேலை முடியும்வரை காத்திருப்பதா, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற யோசனையை விடுங்கள். அதில் பாதி இந்நேரம் சிமெண்டாகவும் மணலாகவும் மாடியில் ஏறியிருக்கும், எனக்குத் தெரியாதா!

மாடி, குளியலறை, அடுப்படி மூன்றையும் ஒரே வேலையாக நினைத்ததுதான் சிக்கல். இதில் கெடு இருப்பது மாடிக்கு மட்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் அது முடிந்தாக வேண்டும். டைல்ஸும் மேடையும் தை மாதம்வரை காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. கொத்தனாரிடம் சொன்னால் "ஆள் இருக்கும்போதே முடிச்சிடலாம்மா" என்பார். நானும் அந்த ஒரு வார்த்தையில் ஏமாந்தவள்தான், குழாய் மாற்ற வந்தவர் எங்கள் வீட்டில் இருபது நாள் இருந்தார்.

படத்தில் மேடாக எழுப்புகிற உங்கள் மக்கு வேலைக்கும் அதே கெடுதான், கவனித்தீர்களா? சாக் பவுடரும் கோந்தும் குழைத்து வைக்கிற மக்கு நன்றாகக் காய வேண்டும். ஈரக்காற்று அடிக்கத் தொடங்கினால் தொட்டுப் பார்க்க மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதன்மேல் தங்க ரேக்கை, அந்த மெல்லிய தங்கத் தாளை, ஒட்டிவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது. ஆகவே படத்தில் கண்ணாடிக் கல் பதிப்பதும் மக்கும் புரட்டாசிக்குள் முடியட்டும். வண்ணம் தீட்டுவதை மழை பெய்யும்போது உள்ளே உட்கார்ந்து செய்துகொள்ளலாம்.

இந்தத் தூசியில் எப்படி என்று கேட்பீர்கள். தட்டோடு பதித்து சந்து பூசியதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள் இல்லையா, குறைந்தது ஏழு நாள். அந்த ஒரு வாரம் கொத்தனார் வேறு வீட்டு வேலைக்குப் போய்விடுவார். நாம் அவருக்கு மாற்றி மாற்றி போன் செய்து அந்த நாட்களையும் வீணாக்குவோம். செய்யாதீர்கள். காலையும் மாலையும் மேலே போய்த் தண்ணீர் வற்றாமல் பார்த்துவிட்டு வந்து உட்காருங்கள், இடிக்கிற சத்தமும் கிடையாது, மண்ணும் பறக்காது. ரேக்கு ஒட்டுவதை மட்டும் டைல்ஸ் அறுக்கிற மிஷின் வீட்டுக்குள் இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளவே வேண்டாம். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுத்தானே ஒட்டுகிறோம்!

படம் கேட்டவர்கள் அடுத்து கூப்பிடும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே நீங்கள் பேசுங்கள். "அடுத்த வாரம்" என்று நாலு தடவை சொல்வதுதான் அவர்களுக்கு எரிச்சல். கார்த்திகை முதல் வாரம் என்று ஒரே தேதியாகச் சொல்லுங்கள், மக்கு முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள். ஜெயந்தி போய்விட்டதால் வேண்டாம் என்று அவர்களே சொன்னால் அப்போது பணத்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோடு போட்ட பலகை இரண்டு மாதம் நின்றதற்குத் தூசி மட்டும்தான் காரணமா? ஒரு அறையைச் சாத்திக்கொண்டு கல்லையாவது பதித்திருக்கலாமே. படம் பெரிதாக இருந்தால் கை வைக்கவே ஒரு தயக்கம் வரும், எல்லோருக்கும் வரும், வீட்டில் கொத்தனார் இருந்தால் அந்தத் தயக்கத்துக்கு வசதியாகப் போய்விடும்.

அப்புறம், அந்தப் பலகையை ஒழுகின சுவரில் சாய்த்து வைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள், ஈரம் ஏறினால் பலகைமேல் ஒட்டிய துணி உப்பிக்கொள்ளும். பழைய வேட்டியில் சுற்றி, கட்டில்மேல் படுக்கை வசத்தில் வைத்தால் போதும்.