உயிர்வேதியியலா, மறுபடியும் நீட்டா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகனை உயிர்வேதியியலில் சேர்ப்பதா, மறுபடியும் நீட் எழுதவைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். தன் தோல் ஏன் செதிலாகிறது என்று அவன் வரைந்து விட்டுச்சென்ற தாள் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. நாட்காட்டித் தாளின் பின்புறம் செங்கல் அடுக்கியதுபோல் இறந்த செல்கள், இடையில் சாந்துபோல் கொழுப்பு, ஓரத்தில் ஒரு கத்தரிக்கோல். "இது மட்டும் என்னிடம் இல்லை சார்" என்று சிரித்தான். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அவன் வரைந்த கத்தரிக்கோல், ஸ்டீராய்டு சல்ஃபடேஸ் என்ற நொதி. மேல்தோலில் உள்ள கொலஸ்ட்ரால் சல்ஃபேட் என்ற கொழுப்பிலிருந்து சல்ஃபேட்டை வெட்டி எடுப்பது அதன் வேலை. வெட்டப்படாத கொலஸ்ட்ரால் சல்ஃபேட் அங்கே தேங்கினால், செல்களுக்கு இடையிலான பிணைப்பைக் கரைக்கும் மற்ற நொதிகள் முடங்குகின்றன. உதிர வேண்டிய தோல் செதிலாகத் தங்கிவிடுகிறது. இத்தனை வருடம் நீங்கள் தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய் வறட்சியைத் தணித்திருக்கும். வெட்டுகிற வேலை அதற்குத் தெரியாது. அந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்தே வருவதால், "என்னிடமிருந்துதானே போனது" என்றீர்கள். பார்த்துப் பொறுக்கியா கொடுத்தீர்கள்? என் துறைக்கு வெளியே பேசுகிறேன், மன்னியுங்கள்.

"டாக்டரானால் தன் தோலைத் தானே பார்த்துக்கொள்வான்" என்கிறார் பாட்டி. இன்னொரு வருடம் நீட் பயிற்சிக்கு அனுப்பலாம் என்கிறார் அவன் அப்பா. எனக்கு உடன்பாடில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் பேசினான், மருத்துவமனை என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. அவன் கேட்டது வேறு: அதே மேல்தோலில் குளுக்கோசில்செராமைடு என்ற சர்க்கரை ஒட்டிய கொழுப்பிலிருந்து சர்க்கரையை வெட்டி, செல்களுக்கு இடையே சாந்தாகும் செராமைடு கொழுப்பாக ஆக்கும் இன்னொரு நொதி இருக்கிறது. அதற்கு லேசான அமிலச் சூழல் வேண்டும். சோப்போ காரத்தன்மை உள்ளது. "அப்படியானால் தினமும் சோப்புப் போடுகிறவர்களுக்கு அந்த நொதி மந்தமாகிவிடாதா சார்?" பிளஸ் டூ முடித்த பையனிடமிருந்து இப்படியொரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று அவன் அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். சர்க்கரையை வெட்டும் அதே நொதி உடல் முழுவதும் குறைந்தால் கோஷே நோய் வரும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும். பிரசவத்துக்குப் பின் வீசி எறியும் நஞ்சுக்கொடியிலிருந்து அந்த நொதியைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார்கள். 1991இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நோயாளியைப் பரிசோதிக்கிறவர்கள் மட்டுமல்ல, குடுவையோடு மல்லுக்கட்டுகிறவர்களும் சேர்ந்து செய்த வேலை அது.

ஆனால் ஒன்று. உயிர்வேதியியல் பாடத்திட்டத்தில் தோல் ஒரு மூலையில் சில பக்கங்கள்தான் வரும். மற்றதில் பெரும்பகுதி வேதியியல்தான். உங்கள் மகனின் கரிம வேதியியல் மதிப்பெண் எனக்குக் கவலையாக இருக்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் எந்தப் பிணைப்பில் சேர்கின்றன என்று புரியாதவனுக்கு அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி கதையாக மட்டுமே இருக்கும். இந்த விடுமுறையிலேயே அதைச் சரிசெய்யட்டும். 'அழகியல்', 'தோல் பராமரிப்பு' என்று கவர்ச்சியான பெயரில் வரும் இளநிலைப் பட்டங்களை நம்பிச் சேர்த்துவிடாதீர்கள்.

திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் அல்லது வேதியியல். பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்ஸி. பட்டப்படிப்போடு நின்றால் சம்பளம் சொற்பம், மறைக்க மாட்டேன். எம்.எஸ்ஸி.க்குப் பின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) பெற்று ஆராய்ச்சியில் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆராய்ச்சி அலுத்துப்போனால் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களும், க்ரீம், சோப்பு தயாரிப்பவர்களும் இந்தப் படிப்புக்காரர்களை எடுக்கிறார்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது முகப்புக் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு ஆய்வக நேரத்தில் போய் நில்லுங்கள். மாணவர்கள் ஒவ்வொருவரும் கையில் பிப்பெட் (திரவம் அளந்தெடுக்கும் குழாய்) பிடிக்கிறார்களா, அல்லது ஒருவர் செய்ய ஒன்பது பேர் நோட்டில் எழுதுகிறார்களா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.