கரையேறிய படகில் கறை

(காரைக்குடியில் பெயிண்ட், ரசாயனக் கடை நடத்துபவர், கறை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: நண்பரும் நானும் சேர்ந்து தொண்டியில் பழைய பைபர் படகு ஒன்று வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடத்தான். மற்ற நாட்களில் டிரெய்லரில் ஏறி, தேவகோட்டையில் என் வீட்டுப் புளியமரத்தடியில் நிற்கிறது. கடலுக்குப் போய் வந்ததும் போர்வெல் தண்ணீரில் கழுவிவிடுகிறேன். அப்படியும் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. நீர்மட்டம் நிற்கும் இடத்தில், வாங்கும்போதே இருந்த பழுப்புப் பட்டை. போல்ட்டுகளுக்குக் கீழே துரு ஒழுகிய கோடு வேறு. கழிப்பறை ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் போய்விடும் என்கிறார் நண்பர். செய்யலாமா ஐயா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம் தம்பி. நண்பரிடம் அந்தப் பாட்டிலை வாங்கிக் கழிப்பறையிலேயே வைத்துவிடுங்கள். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையோடு எவர்சில்வர் போல்ட்டையும் அரிக்கும், டிரெய்லரின் துத்தநாகப் பூச்சையும் தின்னும். படகின் மேல் பளபளவென்று இருக்கிறதே ஜெல்கோட், அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதனால் கம்பி நாரும் உப்புத்தாளும் கிட்டவே வரக்கூடாது. கம்பி நாரில் இன்னொரு தொல்லையும் உண்டு. உடைந்த துணுக்குகள் ஜெல்கோட்டில் சிக்கிக்கொண்டு, அடுத்த வாரம் அவையே துருப்பிடித்துப் புதுப் புள்ளிகளாக முளைக்கும்.

உங்கள் படகில் இருப்பது மூன்று கறை. மூன்றுக்கும் பிறப்பு வேறு, மருந்து இரண்டு.

முதலில் வெள்ளைப் புள்ளி. கடலைக் குற்றம் சொல்லாதீர்கள். கடல் உப்பு நல்ல தண்ணீர் பட்டாலே கரைந்து போய்விடும். கரையாமல் நிற்பது உங்கள் போர்வெல் விட்டுச்சென்ற சுண்ணாம்பு. வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால், ஒவ்வொரு துளியும் வற்றும்போது தன்னிடம் இருந்த கால்சியத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போகும். சந்தேகம் இருந்தால் புள்ளியின் மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டு, குனிந்து பாருங்கள். ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழ்கள் எழுந்தால் சுண்ணாம்பேதான். வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை நனைத்து, புள்ளிகள் மேல் பத்து நிமிடம் ஒட்டிவைத்துத் துடைத்தால் வந்துவிடும்.

குமிழும் எழவில்லை, கறுப்புத் துணியால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டுகிறது என்றால் அது கறையே அல்ல, வெயில் தின்ற ஜெல்கோட். அதற்கு ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுவதுதான் வழி.

அடுத்து பழுப்புப் பட்டை, துருக்கோடு. பட்டையில் இருப்பது அழுகிய இலைதழையின் துவர்ப்புச் சத்தும் நீரில் கரைந்திருந்த இரும்பும். இரும்பு என்றால் ஆக்ஸாலிக் அமிலம். மொசைக் தரைக்குப் பாலீஷ் போடுபவர்கள் என்னிடம் வந்து வாங்கிப் போகும் அதே வெள்ளைப் படிகம்தான். இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும், ஜெல்கோட்டைத் தொடாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போதும். பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். நிழலில் நிறுத்தி, கீழிருந்து மேலாகத் தடவுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழிந்த இடமெல்லாம் கோடு விழும். கால் மணி நேரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு தாராளமாகக் கழுவிவிடுங்கள். பழுப்பு கண்ணெதிரே வெளிறும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்கு வந்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று சண்டை போடுபவர்களில் பாதிப் பேர் தவறுவது இதில்தான். ஆக்ஸாலிக்கைப் போர்வெல் தண்ணீரில் கலக்கக்கூடாது. தண்ணீரில் உள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். வாளி பால்போலக் கலங்கி, அடியில் வெள்ளை மண்டி இறங்கும். அமிலத்தின் வீரியமும் போயிற்று, அந்த மண்டி படகில் படிந்தால் அதை எடுப்பதும் பெரும்பாடு. ஆகவே வெள்ளைப் புள்ளியை முதலில் எடுத்து, கழுவி, அதற்குப் பிறகுதான் ஆக்ஸாலிக். கலக்குவதற்கு மழைத்தண்ணீர் உத்தமம். முற்றத்தில் தண்ணீர் விழும் மூலையில் அண்டா வைக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் கவலையே இல்லை. இங்கே காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாதவர் கிடையாது. அதை உங்களுக்கு அனுப்ப முடியாது. கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரியே இருக்கும், ஆனால் விஷம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

துருக்கோடு போனாலும் போல்ட்டைக் கவனிக்காவிட்டால் திரும்ப வரும். எவர்சில்வர் துருப்பிடிக்குமா என்று கேட்பீர்கள். அதைக் காப்பது காற்றின் ஆக்ஸிஜன் பட்டு உண்டாகும் மெல்லிய படலம். போல்ட் தலைக்கு அடியில் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாமல் போனால் படலம் உடைந்து அரிப்புத் தொடங்கும். 1953 முதல் நம் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு இப்படிப்பட்ட அரிப்புதான் முக்கியமான பாடங்களில் ஒன்று. கழற்றி, 316 ரக எவர்சில்வர் போல்ட் போட்டு, அடியில் கடலுக்கென்று விற்கும் சீலன்ட் தடவி முடுக்குங்கள். 304 ரகம் விலை குறைவு, உப்புக்குத் தாங்காது.

இனி வராமல் இருக்க: அமிலம் பட்ட இடத்தில் பழைய மெழுகு போயிருக்கும், எனவே நன்றாகக் காய்ந்த பின் கார்னாபா மெழுகு ஒரு கை போடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் நல்லது. கடலிலிருந்து வந்ததும் கழுவுங்கள், ஆனால் தண்ணீர் தானாகக் காயும்வரை விடாதீர்கள். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஆரம்பித்துப் பின்பக்கம்வரை துணியால் ஒற்றி எடுங்கள். பழைய கண்டாங்கிச் சேலையைவிட நல்ல துணி நான் பார்த்ததில்லை, வீட்டில் கொடுக்கச் சம்மதித்தால். புளியமரத்தடியை விட்டும் நகர்த்துங்கள். மழை நாளில் அந்த இலையும் பழமும் ஊறி வடித்தால், இப்போது எடுத்த பழுப்பு மறுபடியும் வரும்.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ஓட்டுவதற்குச் சின்ன பைபர் படகு வைத்திருக்கிறோம். ஐப்பசி மழைக்குப் பயந்து தார்ப்பாயால் இறுக்கிக் கட்டினோம். தை மாதம் பிரித்தால் உள்ளே கறுப்புக் கறுப்பாகப் பொட்டு.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: இறுக்கிக் கட்டியதுதான் காரணம் ஆச்சி. அது பூஞ்சணம். பிளீச்சிங் திரவத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தடவி, சிறிது நேரம் கழித்துக் கழுவுங்கள். மேலே தேவகோட்டைத் தம்பிக்குச் சொன்ன வினிகரோ ஆக்ஸாலிக்கோ இதோடு சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். அடுத்த மழைக்கு நடுவில் மூங்கில் வளைத்து, தார்ப்பாயைக் கூடாரம்போல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். அணியம் சற்று உயரமாக இருக்கட்டும், பின்பக்கத்து அடைப்பைக் கழற்றிவிட்டால் தண்ணீர் தானே வடியும்.

கேள்வி: படகைப் பின்கட்டில் வைத்து ஆக்ஸாலிக் போட்டோம். படகு பளிச்சென்று ஆகிவிட்டது. வழிந்த இடத்தில் ஆத்தங்குடிக் கல் வெளிறி, சொரசொரப்பாகிவிட்டது. திருப்பிக் கொண்டுவர முடியுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: முடியாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல, கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட். அதன் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அமிலம் அதைத் தின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் நிறம் கொஞ்சம் ஏறித் தெரியும், சொரசொரப்பு அப்படியேதான் இருக்கும். கெட்ட கற்களை மட்டும் எண்ணி, ஒரு கல்லை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்கே போங்கள். அதே பூ, அதே நிறத்தில் வார்த்துத் தருவார்கள். படகை இனிமேல் மண் தரையில் நிறுத்திக் கழுவுங்கள்.