சின்னப் பசங்களோட நார்வே ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவுல நீளமா உள்ள புகுந்த கடல்) பாக்கணும்னா எந்த ஊர்ல தங்கலாம்?

ஃபியோர்டு கரையிலயே இருக்குற கெய்ராங்கர்ல ரூம் போடலாமா, இல்ல வேற ஊரானு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா ஓலெசுண்ட்ல தங்கிட்டு கெய்ராங்கரை ஒரு நாள்ல பாத்துட்டு வந்துடுங்க. கெய்ராங்கர் ரொம்பச் சின்ன ஊரு, கோடையில பெரிய கப்பல் வந்து நின்னுச்சுன்னா ரோட்டுல தலையா தான் தெரியும், ஃபியோர்டு பாத்து முடிச்சதும் "அடுத்து என்னப்பா"னு பசங்க ஆரம்பிச்சா கஷ்டம்.

ஓலெசுண்ட் தீவு தீவா பரவிக் கிடக்குற மீன்பிடி ஊரு. 1904 ஜனவரில ஒரே ராத்திரில நடு ஊரே எரிஞ்சுடுச்சு, எல்லாம் மர வீடு. அப்புறம் கல்லு செங்கல்லுனு வச்சு ஆர்ட் நூவோன்னு வளைவும் பூ வேலைப்பாடுமா இருக்குற ஸ்டைல்ல சட்டுனு கட்டி எழுப்பிட்டாங்க, அதனால தெருவுல சும்மா அண்ணாந்து பாத்துக்கிட்டே நடக்கலாம். பார்க்ல இருந்து அக்ஸ்லா குன்றுக்கு 418 படி, பசங்க எண்ணிக்கிட்டே ஓடிடுவாங்க, மூச்சு வாங்குறது நமக்குத்தான். முட்டி வலிக்காரங்களுக்கு மேல வரைக்கும் ரோடு இருக்கு.

ஊருக்கு வெளிய கடலோரமா அட்லாண்டர்ஹாவ்ஸ்பார்க்கன்னு ஒரு அக்வேரியம், இதுக்கு அரை நாள் ஒதுக்குங்க. கலர் கலரா குட்டி மீன் எதிர்பாக்காதீங்க, அந்தக் கடல்ல இருக்குற காட், ஹாலிபட் மாதிரி தடியான மீனுங்க தான், டைவர் உள்ள இறங்கி இரை போடும்போது எல்லாம் அவரு கையையே சுத்தி வரும், என் பையன் கண்ணாடில மூக்கை ஒட்டினவன் நகரவே இல்ல. வெளிய ஹம்போல்ட் பென்குயினும் இருக்கு.

கெய்ராங்கருக்கு கார்ல போனா லிங்கே டு எய்ட்ஸ்டால் ஃபெரி, அப்புறம் 11 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், வாந்தி எடுக்குற பசங்கன்னா கவர் கைல வச்சுக்கங்க. இந்தப் பக்கத்து ஃபெரில ஸ்வேலேனு தடிமனா ஒரு பான்கேக் விப்பாங்க, ரெண்டா மடிச்சு உள்ள பிரவுன் சீஸ் வச்சு சூடா. அந்தச் சீஸ் உப்புப் போட்ட பால்கோவா மாதிரி இருக்கும், எனக்குப் பிடிச்சுது, வீட்டம்மாவுக்கு சுத்தமா ஆகல.

மழை எந்த மாசமும் வரும், குடைய நம்பாதீங்க, காத்து பிச்சுடும், எல்லாருக்கும் ரெயின்கோட் வாங்கிடுங்க. பஃபின் பறவை பாக்கணும்னா ருண்டே தீவு, ஆனா ஆகஸ்ட் ஆரம்பத்துலயே அதுங்க கடலுக்குக் கிளம்பிடும், அதனால ஜூலைக்குள்ள போங்க, அதுவும் சாயங்காலமா, அப்பதான் கூட்டம் கூட்டமா பாறைக்குத் திரும்பும்.