வாசகர் கேள்வி பதில்: உலோகச் சிறு கார்கள்

கேள்வி: பெட்டியை விட்டு வெளியே எடுக்காத என் பழைய டைகாஸ்ட் (உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த) பொம்மைக் காரின் வண்ணம் கொப்பளித்து, அடித்தட்டில் மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றியுள்ளன. இது துருவா? சரிசெய்ய முடியுமா?

பதில்: துரு அன்று, துரு இரும்புக்கு வருவது. இந்தக் கார்களின் உடல், துத்தநாகத்துடன் அலுமினியமும் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த உலோகக் கலவையை உருக்கி, அழுத்தத்துடன் அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படுவது. அக்கலவையில் காரீயம் போன்ற மாசு மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும், உலோகத் துகள்களின் எல்லைகள் வழியே அரிப்பு உள்ளிருந்தே பரவி, உடல் வீங்கி, வளைந்து, இறுதியில் உதிர்ந்துவிடும். 1930களில் வெளிவந்த ‘டிங்கி’ என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கார்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இதுதான். வண்ணம் மட்டும் கொப்பளித்திருந்தால் பூச்சின் குறையாகவும் இருக்கலாம். உலோகமே வெடித்திருப்பதால் உங்கள் காரில் இந்த அரிப்பு என்றே கருத வேண்டியிருக்கிறது. இதற்கு மருந்தில்லை. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும் என்பதால், உலர்ந்த, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் வேகம் குறையும். அருகிலுள்ள கார்களுக்கு இது தொற்றாது. பழைய கார் வாங்குவோர் வண்ணத்தின் பளபளப்பில் மயங்காமல், முதலில் அதைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: காட்சிப் பெட்டியின் பிளாஸ்டிக் தளத்தில் டயர்கள் உருகியதுபோல் ஒட்டிக்கொண்டன. வெயிலே படாத அறையில் இது எப்படி நேர்ந்தது?

பதில்: வெயிலுக்கு இதில் பெரிய பங்கில்லை. மென்மையான டயர்களை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற பொருள் நாளடைவில் வெளியே கசிந்து, டயர்கள் நிற்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது. காரின் எடை முழுவதும் நான்கு சிறு புள்ளிகளில் இறங்குவதால், 1:18 அளவிலான (உண்மைக் காரின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கான) கனத்த கார்களில் இத்தொல்லை கூடுதல். அடித்தட்டுக்குக் கீழே சிறு கட்டை ஒன்றை வைத்து, டயர்கள் தளத்தைத் தொடாதபடி காரைச் சற்றே உயர்த்தி நிறுத்துங்கள். தளத்தில் பதிந்த தடம் மறையாது, ஆனால் புதிதாக விழாது.

கேள்வி: தூசியைத் துணியால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. உலர்ந்த துணி தூசியையே தேய்பொருளாக்கி, வண்ணத்தில் நுண்கீறல்களை விழச்செய்யும். ஒப்பனைக்கான மென்தூரிகையே போதும். ஆல்கஹால் கலந்த திரவங்கள் காரின்மேல் உள்ள எண்களையும் சின்னங்களையும் கரைத்துவிடக்கூடும்.

கேள்வி: பெட்டியைப் பிரித்தால் மதிப்புக் குறையுமா?

பதில்: விற்கும் எண்ணமிருந்தால் பிரிக்காதீர்கள்; பார்த்து மகிழ வாங்கியிருந்தால் தயங்காமல் பிரியுங்கள், ஆனால் அட்டைப் பெட்டியை எறிந்துவிட வேண்டாம்.