பட்டாணி அளவு மீன் கப்பியின் வாலைக் கடிப்பது ஏன்?

கேள்வி: என்னிடம் 40 லிட்டர் தொட்டியில் பத்துக் கப்பி மீன்கள் இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன் 'பீ பஃபர்' (பட்டாணி பஃபர்) என்று ஐந்து குட்டி மீன்கள் வாங்கி அதே தொட்டியில் விட்டேன். "சின்ன மீன்தான், எதோடும் சேரும், பஃபர் என்பதால் கொஞ்சம் உப்பு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று விற்றவர் சொன்னார். இப்போது கப்பிகளின் வால்கள் கந்தலாகிவிட்டன. பஃபர்கள் குருணைத் தீவனத்தை வாயில் வாங்கி உடனே துப்பிவிடுகின்றன. ஒன்றின் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. இன்னொன்று மற்ற நான்கையும் விரட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இன்றைக்கே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். உப்புப் போடுவதை நிறுத்துங்கள். போட்ட உப்பை ஒரே நாளில் வெளியேற்ற வேண்டும் என்று முழுத் தண்ணீரையும் மாற்றிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் உப்பு தானாகவே குறைந்துகொண்டு வரும். இந்த இரண்டையும் முடித்துவிட்டால் மீதியை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கையில் இருப்பது கேரளத்து மீன். பம்பை ஆற்றில் பிடிபட்ட மாதிரிகளை வைத்து 1941இல் ஹோரா, நாயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள். அன்றைய திருவிதாங்கூரின் பெயரே அறிவியல் பெயரிலும் ஒட்டிக்கொண்டது: கரினோடெட்ராடன் திராவன்கோரிகஸ். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கே இறங்கும் ஆறுகளின் கீழ்ப்பகுதி, அவற்றை ஒட்டிய காயல்களின் நன்னீர்ப் பகுதி ஆகியவை இதன் வீடு. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. வளர்ந்த மீனே சாதாரணமாக 2.5 செ.மீ.தான் இருக்கும். உலகின் மிகச் சிறிய பஃபர்களில் ஒன்று என்று தாராளமாகச் சொல்லலாம்.

உப்புக் குழப்பம் வந்தது இதன் சொந்தபந்தத்தால். நம் கடற்கரையில் பேத்தை என்று சொல்வார்களே, வலையில் வந்ததும் பந்து போல உப்பிக்கொள்ளும் மீன், அதன் உறவுக்காரன்தான் இதுவும். அந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 200 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை கடலிலும் கழிமுகத்திலும் வாழ்பவை, கடைகளில் கிடைக்கும் சில பஃபர்களுக்கு உப்புக் கலந்த நீர் உண்மையிலேயே தேவை. ஆனால் பிறப்பு முதல் இறப்பு வரை நன்னீரிலேயே இருக்கிற சிறுபான்மை ஒன்றும் அதில் உண்டு, உங்களுடையது அந்தக் கூட்டம். ஆக, உப்பு வேண்டாம்.

சரி, வால் கடிக்கு வருவோம். இதைப் பலர் முரட்டுக்குணம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மீன் வேட்டையாடும் விதத்தை ஒரு பத்து நிமிடம் தொட்டி முன் உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே புரியும். மற்ற மீன்கள் வாலை அடித்து நீந்தும். இது முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் பக்கத் துடுப்புகளையும் படபடவென்று அசைத்து, தேன்சிட்டு பூவின் முன் நிற்பது போல ஒரே இடத்தில் நிற்கும். வால் பெரும்பாலும் சுக்கான் வேலை மட்டும் பார்க்கும். வேகமாகத் துரத்த வராது, பதிலாக எந்தப் பக்கமும் மெல்ல நகரும், கொஞ்சம் பின்வாங்கக்கூடச் செய்யும். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஓர் இலையின் அடியில் எதையோ பார்த்துவிட்டால் உடம்பு அப்படியே நின்றுவிடும், கண்கள் மட்டும் திரும்பும், தலை சற்றே சாயும். அப்புறம் ஒரே கொத்து.

இந்த வேட்டை முழுக்கக் கண்ணை நம்பியது. அசைவதுதான் அதற்கு இரை. செடிகள் அடர்ந்த, மெதுவாக ஓடும் நீரில், சின்ன நத்தை, பூச்சிப் புழு, நீர்த்தெள்ளு போன்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அசையும் உயிர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே அமைந்த உடம்பு. அந்தக் கண் முன்னால் நீளமான, மெல்லிய, கொடி போல ஆடும் ஆண் கப்பியின் வாலைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? புழு நெளிகிறது என்று கொத்தத்தான் செய்யும். கொத்துவது சாதாரண வாயாலும் அல்ல. இந்தக் குடும்பத்தின் பற்கள் மேலே இரண்டு, கீழே இரண்டு தகடுகளாகச் சேர்ந்து கிளியின் அலகு போல ஆகியிருக்கும். 'டெட்ராடன்' என்ற சொல்லுக்கே நாற்பல் என்றுதான் பொருள். நத்தை ஓட்டை உடைக்கும் அலகுக்கு கப்பியின் வால் எம்மாத்திரம்?

ஆகவே கப்பியோடு சேர்க்க வழி சொல்லுங்கள் என்று கேட்டால், வழியில்லை என்பதுதான் என் பதில். வேகமாக நீந்தும் குட்டை வால் மீன்களோடு சிலர் வெற்றிகரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் ஒரு நாள் காலையில் துடுப்பில் அரைவட்டக் கடி இருக்கும். இதைத் தனித் தொட்டி மீனாக ஏற்றுக்கொள்வதே நிம்மதி. கப்பிகளின் வால் நல்ல தண்ணீரில் சில வாரங்களில் மெல்ல வளர்ந்துவிடும். கிழிந்த ஓரத்தில் பஞ்சு போல வெள்ளை படிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குருணையைத் துப்புவதற்கும் இதே காரணம்தான். அசையாத உருண்டை அதன் கணக்கில் உணவே இல்லை. பழக்கப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றிரண்டு மீன்கள் பழகவும் செய்யும், ஆனால் அதை நம்பிப் பட்டினி போட வேண்டாம். உறைய வைத்த ரத்தப்புழுவை உருக்கி, ஒரு சொட்டுக்குழாயால் மெல்ல நீரில் விடுங்கள். விழும்போது அசைவதே போதும், பாய்ந்து வரும். உயிருள்ள நீர்த்தெள்ளு, முட்டையிலிருந்து அப்போதே பொரிந்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சு, கொசுப்புழு எல்லாம் விருந்து. கொசுப்புழு வளர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அது கூட்டுப்புழுவாகும் முன்பே தொட்டிக்குள் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் விருந்து மீனுக்கல்ல, கொசுவுக்கு. குட்டையிலோ வாய்க்காலிலோ அள்ளி வந்து கொட்டுவதையும் தவிருங்கள். அதில் தும்பியின் இளம்புழு ஒன்று வந்துவிட்டால், 2 செ.மீ. மீனையே அது பிடித்துத் தின்றுவிடும்.

நத்தைக்குத் தனி இடம் தர வேண்டும். ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் ராம்ஸ்ஹார்ன் அல்லது பிளாடர் நத்தைகளைத் தனியாக வளர்த்து, வாரம் ஒன்றிரண்டு முறை சின்னஞ்சிறியவற்றை மட்டும் தொட்டியில் விடுங்கள். பஃபரின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, ஓட்டைக் கடிப்பதால் தேய்கின்றன. பெரிய இனப் பஃபர்கள் அளவுக்கு இதற்குப் பல் மிதமிஞ்சி வளர்ந்து தொல்லை தருவதில்லை என்றாலும் நத்தை கொடுப்பதை நான் விடமாட்டேன், வேட்டையைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவாவது. கூம்பு வடிவ டிரம்பெட் நத்தை வேண்டாம், ஓடு மிகக் கடினம்.

எவ்வளவு கொடுப்பது? இங்கே இன்னொரு உடற்கூற்று விஷயம் உதவும். பஃபர்களின் இரைப்பை செரிமான வேலையை விட்டுவிட்டது. தண்ணீரை விழுங்கி உடம்பை ஊதிக்கொள்வதற்கான பையாக அது மாறிப்போனது. உணவு செரிப்பதெல்லாம் குடலில்தான். அதனால் ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுப்பதைவிட நாளைக்கு இரண்டு முறை கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது. தின்று முடித்ததும் வயிறு மெல்ல உருண்டு தெரிந்தால் போதும், கோலி உருண்டை போல ஆக வேண்டாம். மிச்சத்தைப் பதினைந்து நிமிடத்தில் அதே சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இறைச்சி உணவு அழுகினால் அம்மோனியா ஏறும், செதில் இல்லாத இந்த மீன் அதை முதலில் உணரும். உங்கள் தொட்டி கப்பிகளோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது என்பதால் வடிகட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கத் தேவையான பாக்டீரியா இருக்கும். அதன் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள்.

ஊதுவது பற்றிக் கேட்டாலும் கேட்பீர்கள். அது பயத்தின் கடைசிக் கட்டம். வேடிக்கை காட்டுவதற்காக ஊத வைக்கவே கூடாது. மீனை இடம் மாற்றும்போது வலையில் தூக்காமல், நீருக்குள்ளேயே ஒரு குவளையில் பிடித்து நீரோடு தூக்குங்கள். வெளியே எடுத்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை விழுங்கிவிடும், அதை வெளியேற்றத் திணறும்.

இப்போது ஒட்டிய வயிற்றுக்காரன். மூன்று வாரமாக ஐந்துமே சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் முதலில் பசி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பெட்டியில் தனியாக விட்டு, ஒரு வாரம் ரத்தப்புழுவும் நீர்த்தெள்ளும் கொடுத்துப் பாருங்கள். தின்றும் வயிறு நிரம்பாமல், கழிவு வெள்ளை நூல் போல வந்தால் குடற்புழு இருக்கலாம். விற்பனைக்கு வரும் இவற்றில் நிறைய ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டவை, பெரும்பாலும் புழுவோடு வரும். லெவமிசோல் உருண்டைப் புழுக்களுக்கு, பிராசிகுவான்டல் நாடாப் புழுக்களுக்கு. எது, எவ்வளவு என்பதை மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு தவறினால் செதில் இல்லாத மீன் தாங்காது. கண்ணில் பட்ட மருந்தையெல்லாம் ஊற்றி மீனைக் கொன்றவர்கள் பட்டியலில் ஆரம்ப நாட்களில் நானும் இருந்தேன்.

விரட்டுகிறவன் அநேகமாக ஆண். குட்டியில் ஆண், பெண் பிரித்தறிய முடியாது. வளர்ந்தபின் ஆணின் அடிவயிற்றில் நடுவாக ஒரு கருங்கோடு ஓடும், கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் போல மெல்லிய கோடுகள் தெரியும். பெண் உருண்டையாக, புள்ளிகள் அதிகமாக இருக்கும். சண்டைக்கு நிற்கும் ஆண் அடிவயிற்றுத் தோலைப் படகின் அடிக்கட்டை போல நீட்டிக் காட்டும், இந்தப் பேரினத்தின் பெயரில் இருக்கும் 'கரினா' அதைத்தான் குறிக்கிறது. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்பது நல்ல கணக்கு. உங்கள் ஐந்தில் இரண்டு ஆண்கள் இருந்தால்கூட, செடி அடர்த்தியாக இருந்தால் 40 லிட்டரில் சமாளிக்கலாம். மூன்று என்றால் ஒன்றையாவது மாற்றித்தான் ஆக வேண்டும்.

செடி என்று சொல்வது அழகுக்காக இல்லை. ஒன்றை ஒன்று பார்க்க முடியாவிட்டால் விரட்டாது. வேலம்பாசி, ஜாவா மாஸ், மிதக்கும் செடிகள், நடுவில் ஒரு மரக்கட்டை என்று தொட்டியைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். இந்த மூலையில் இருப்பவனுக்கு அந்த மூலை தெரியக் கூடாது. அப்படிச் செய்தபின் கட்டையை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், ஒவ்வொரு முறையும் எல்லைத் தகராறு புதிதாகத் தொடங்கும். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் நின்றால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மீன் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக இருக்கிறது. வாழிடம் கெடுவதும், மீன் தொட்டி வணிகத்துக்காக அள்ளுவதும் காரணங்கள். அடுத்த முறை வாங்கும்போது தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள், குடற்புழுத் தொல்லையும் குறையும். வேண்டாம் என்று தோன்றினால் வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் சில மாதங்களில் ஆண் ஒரு பெண்ணைப் பாசிக்குள் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பீர்கள். அதை விரட்டல் என்று நினைத்துப் பிரித்துவிட வேண்டாம். சற்று நேரத்தில் பாசியைப் பிரித்துப் பார்த்தால் கண்ணாடிமணி போல ஒரு மில்லிமீட்டர் அளவில் முட்டைகள் ஒட்டியிருக்கும். சொட்டுக்குழாயால் எடுத்து அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய டப்பாவில் வையுங்கள். ஏறக்குறைய ஐந்து நாளில் பொரியும். முதல் ஓரிரு நாள் குஞ்சின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே அதற்குப் போதும், அதன்பின் நுண்ணுயிர்க் கலவையும் பிறகு அப்போதே பொரிந்த ஆர்ட்டீமியாவும் வேண்டும். அந்தக் கலவையை முட்டை பொரித்த பிறகு தயார் செய்ய முடியாது. ஆகவே ஆண் பாசிப் பக்கம் சுற்றத் தொடங்கிய வாரமே ஒரு ஜாடியில் ஆரம்பித்துவிடுங்கள்.